சால்மனை ஸ்டியூக்குள்ளயே வேக வைக்கிறதா, தனியா வறுத்து மேல வைக்கிறதா?

பசிக்குது_மக்கா:
வணக்கம் மக்களே, சின்ன சந்தேகம்தான் ஆனா வீட்ல பெரிய சண்டையா போயிட்டு இருக்கு. கத்திரிக்கா, சுக்கினி, குடைமிளகா, வெங்காயம், தக்காளி எல்லாம் போட்டு ஒரு பெரிய சட்டி ஸ்டியூ வெக்கப் போறேன், அது கூட சாப்பிட தோலோட சால்மன் ஃபில்லெட் நாலு துண்டு ஃப்ரீசர்ல இருக்கு. ஒரு ரெசிபில மீனை ஸ்டியூக்குள்ள இறக்கி மூடி வெச்சிடுங்கன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல தனியா மொறுமொறுன்னு வறுத்து மேல வைங்கன்னு இருக்கு. எனக்கு மீன் சாறு கொழம்புல இறங்கினாதான் பிடிக்கும், வீட்டுக்காரருக்கு தோல் முறுகலா இல்லன்னா தொடவே மாட்டார். எது சரி? அப்புறம் சால்மன் வேகும்போது மேல வெள்ளையா திட்டு திட்டா வழியுதே அது என்ன, மீன் பழசுன்னு அர்த்தமா?

உப்புக்கல்:
ரெண்டுமே சரிதாங்க. ஆனா எப்படி செஞ்சாலும் ஸ்டியூவை முழுசா முடிச்சிட்டு அப்புறமா மீன் பக்கம் வாங்க. காய் ஒழுங்கா குழைய முக்கா மணி நேரம் கூட ஆகும், சால்மனுக்கு பத்து நிமிஷம் கூட வேண்டாம், ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சா காய் வேகறதுக்குள்ள மீன் சக்கை ஆயிடும்.

கத்திரிக்காயை முதல்ல தனியா வதக்கி எடுத்து வெச்சுக்கோங்க, அது எண்ணெயை இழுத்துக்கிட்டே போகும், பயந்து இன்னும் இன்னும் ஊத்தாதீங்க, துண்டு போட்டு உப்பு தூவி அரை மணி நேரம் விட்டு தண்ணிய ஒத்தி எடுத்துட்டா கம்மியா குடிக்கும். அப்புறம் வெங்காயம், குடைமிளகா, தக்காளி, அதோட கத்திரிக்கா, கடைசியாத்தான் சுக்கினி, அது சீக்கிரம் கரைஞ்சிடும். உருளைக்கிழங்கு சேர்க்கிறதா இருந்தா அது முக்கால்வாசி வெந்த பிறகுதான் தக்காளி போடணும், புளிப்பு முன்னாடியே சேர்ந்துட்டா கிழங்கு எவ்ளோ நேரம் கொதிச்சாலும் நறுக்குன்னே நிக்கும். மூடியை எடுத்துட்டு நல்லா சுண்ட விடுங்க, மீன் வேற கொஞ்சம் தண்ணி விடும், நீர்த்த ஸ்டியூல சால்மன் போட்டா ருசி எங்கயும் ஒட்டாது.

இப்போ தீயை சிம்முல வெச்சு, தோல் எடுத்த துண்டுகளை உப்பு மிளகு தூவி மேலாப்ல பாதி முங்குற மாதிரி வெச்சு மூடிடுங்க. ரெண்டரை சென்டிமீட்டர் கனம்னா 7, 8 நிமிஷம். கொதிக்கக் கூடாது, ஓரத்துல லேசா குமிழி விட்டா போதும். மீன் போட்டதுக்கு அப்புறம் கரண்டி உள்ள போகவே கூடாது, சால்மன் சதை இதழ் இதழா இருக்கும், இதழ்களைப் பிடிச்சு வெச்சிருக்கிற சவ்வு சூட்ல கரைஞ்சிடும், கிண்டினா மீன் காணாம போயிடும்.

வெள்ளை திட்டுக்கு பயப்படாதீங்க, அது அல்புமின்னு ஒரு புரதம். சூடு அதிகமானா தசை சுருங்கி வெளிய தள்ளும், சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது. ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் உப்பு கரைச்சு ஃபில்லெட்டை 10, 15 நிமிஷம் ஊற வெச்சு துடைச்சிட்டு செஞ்சா நிறைய குறையும். அப்படி ஊற வெச்சா மேல மறுபடி உப்பு தூவ வேண்டாம், ஸ்டியூலயும் பார்த்து போடுங்க.

கரண்டி_ராஜ்யம்:
மேல சொன்னது எல்லாம் ஓகே ஆனா தோல் விஷயத்துல நான் உங்க வீட்டுக்காரர் கட்சி. நல்ல சால்மன் தோலை உரிச்சு தூக்கிப் போடுறதுக்கு மனசு எப்படி வருதோ. அதே தோலோட ஸ்டியூக்குள்ள போட்டா ரப்பர் மாதிரி வழவழன்னு ஆயிடும், அது வேற கதை.

டிஷ்யூ பேப்பர் வெச்சு ஈரம் சுத்தமா ஒத்தி எடுங்க, இதுதான் பாதி வேலை. கடாய் சூடானதும் எண்ணெய் விட்டு தோல் பக்கம் கீழ வெச்சு, தட்டைக் கரண்டியால பத்து பதினஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க, இல்லன்னா தோல் சுருங்கி நடுவுல வளைஞ்சுக்கும். அப்புறம் மீடியம் தீ, தொடாதீங்க. தானா கடாயை விட்டு வரும், வரலன்னா இன்னும் முறுகலன்னு அர்த்தம். பக்கவாட்டுல பாருங்க, கீழேர்ந்து நிறம் வெளுத்துக்கிட்டே மேல ஏறும், முக்கால்வாசி ஏறினதும் திருப்பி ஒரு நிமிஷம், அவ்ளோதான். தட்டுல முதல்ல ஸ்டியூ, அது மேல தோல் மேல் பக்கம் வர்ற மாதிரி மீன். மீன் மேல சாறு ஊத்துனீங்கன்னா செஞ்ச வேலை எல்லாம் வீண்.

ரெண்டு துண்டு உள்ள ரெண்டு துண்டு கடாய்லன்னு பிரிச்சிக்கோங்க, சண்டை முடிஞ்சுது.

முள்ளெடுப்பான்:
நேரத்தை விட தெர்மாமீட்டரை நம்புறவன் நான். அமெரிக்க வேளாண்மைத் துறை மீனுக்கு சொல்றது உள் சூடு 63 டிகிரி செல்சியஸ். நிறைய சமையல்காரங்க 50, 52லயே இறக்கிடுவாங்க, நடுவுல பளபளன்னு மிருதுவா இருக்கும், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனா கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைங்க, வயசானவங்க சாப்பிடுறதா இருந்தா ருசி எல்லாம் பார்க்காம 63 வரைக்கும் போயிடுங்க.

இன்னொண்ணு யாரும் சொல்லல, அது பண்ணை சால்மனா கடல்ல பிடிச்சதான்னு பாக்கெட்ல பாருங்க. பண்ணைல வளர்ற அட்லாண்டிக் சால்மன்ல கொழுப்பு ஜாஸ்தி, கொஞ்சம் கூட வெந்தாலும் தாங்கும். சாக்கை மாதிரி காட்டு வகை நல்லா செக்கச்செவேல்னு இருக்கும், கொழுப்பு கம்மி, உப்புக்கல் சொன்ன 7, 8 நிமிஷம் அதுக்கு ஜாஸ்தி, 5 நிமிஷத்துலயே திறந்து பாருங்க. விரலால தடவிப் பார்த்து நடு முள்ளுங்களையும் எடுத்துடுங்க, ஸ்டியூக்குள்ள முள்ளு மாட்டுனா தேடி எடுக்கவே முடியாது.

பசிக்குது_மக்கா:
அடடா சூப்பர் மக்களே, ரெண்டு ரெண்டா பிரிக்கிறது நல்ல ஐடியா, அவர்கிட்ட சொன்னேன் உடனே ஓகேன்னுட்டார். பாக்கெட்ல அட்லாண்டிக்னு போட்டிருக்கு. காத்தை உறிஞ்சி அடைச்ச பாக்கெட் அது, அப்படியே ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஐஸ் விட வைக்கலாமா? மிஞ்சினா அடுத்த நாள் சூடு பண்ணலாமா?

முள்ளெடுப்பான்:
அப்படியே வைக்காதீங்க! உறையை கத்தரிச்சுத் திறந்து ஒரு தட்டுல மூடி ஃப்ரிட்ஜ்ல ராத்திரி பூரா விடுங்க. காத்து இல்லாத உறைக்குள்ள கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு கிருமி இருந்தா ஃப்ரிட்ஜ் குளிர்லயும் மெதுவா வளந்து விஷம் உண்டாக்கும், மீன்ல இது வர வாய்ப்பு உண்டு. வெளியே மேடைல வெச்சு ஐஸ் விட வைக்கிறதும் வேண்டாம்.

உப்புக்கல்:
மிச்சத்துக்கு நான் சொல்றேன். காய் ஸ்டியூ மறுநாள் இன்னும் நல்லா இருக்கும், சால்மன் அப்படி இல்ல, அதுல இருக்கிற கொழுப்பு சீக்கிரம் காத்து பட்டு மாறிடும், மறுபடி சூடு பண்ணா ஒரு வாடை அடிக்கும். அதனால அன்னைக்கு வேணுங்கிற அளவு ஸ்டியூவை சின்ன சட்டிக்கு மாத்தி அதுல மட்டும் மீனை வைங்க, பெரிய சட்டில மீன் படவே வேண்டாம். வெந்த மீன் மிஞ்சினா ஃப்ரிட்ஜ்ல வெச்சு, மறுநாள் சில்லுன்னு உதிர்த்து எலுமிச்சை பிழிஞ்சு சூடான ஸ்டியூ மேல போட்டுக்கோங்க.

கரண்டி_ராஜ்யம்:
வறுத்த தோல் மட்டும் மிஞ்சாது, கவலைப்படாதீங்க 😄