நாயோடும் பிள்ளைகளோடும் ஹாலேயில் குடியேறுபவர்களுக்கு

ஜெர்மனியில் ஹாலேக்கு வேலை மாற்றிக் குடும்பத்தோடு வருகிறோம், வீட்டு நாயையும் கூட்டி வரலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நாங்கள் வந்து நான்கு வருடம் ஆகிறது: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் மணி. மணி மதுரையில் எங்கள் தெருவில் பிறந்த சாதா நாட்டு நாய், காது ஒன்று மடங்கி இருக்கும்.

கூட்டி வரலாம். ஆனால் விசா வந்த பிறகு யோசிக்கலாம் என்று விடாதீர்கள், குறைந்தது ஐந்தாறு மாதத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள். முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப். அதற்குப் பிறகோ அதே நாளிலோதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் வெறிநாய்க்கடிக்கு எதிரான ஆன்டிபாடி அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐயூ அல்லது அதற்கு மேல் வந்தால் பாஸ். பாஸ் ஆனாலும் உடனே கிளம்ப முடியாது, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் நாய், பூனை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

நாங்கள் மாட்டியது வரிசையில். ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் சிப் வைத்தார் ஊரில் நாங்கள் பார்த்த டாக்டர். "எது முதலில் போட்டால் என்ன சார், ரெண்டும் உள்ளதானே இருக்கு" என்றார், நானும் தலையாட்டினேன். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி செல்லாது என்று கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது தெரிந்தது. மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், ரத்தம், 3 மாதம். மணியை திருமங்கலத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம், சின்னவள் விமானம் ஏறும் வரை அழுதாள். நம் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடையே 5 நாளுக்கு மேல் போனால் வியாபாரச் சரக்குக்கு உண்டான விதிகள் வந்துவிடும் என்பதால், அவனைக் கூட்டி வருவதற்காகவே நான் ஜனவரியில் ஒரு முறை ஊருக்குப் போய்வர வேண்டியதாயிற்று. அரசு கால்நடை அதிகாரியின் சான்றிதழ் வாங்கிய 10 நாளுக்குள் இங்கே வந்து இறங்கிவிட வேண்டும், இறங்கியதும் சுங்கத்தில் சிவப்பு வழியில் போய் நீங்களே காகிதங்களைக் காட்ட வேண்டும். நைசாகப் பச்சை வழியில் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வந்த பிறகு: வீட்டு முகவரியை 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். நாய்க்கும் தனியாக வரி உண்டு, ஹுண்டஸ்டாயர் என்பார்கள், தொகை ஊருக்கு ஊர் மாறும். இந்த மாநிலத்தில், அதாவது சாக்சன்-அன்ஹால்ட்டில், நாய் யாரையாவது கடித்தாலோ சைக்கிள்காரரைத் தள்ளிவிட்டாலோ ஈடுகட்டக் காப்பீடும் கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தில் "நாய், பூனை அறவே கூடாது" என்று பொதுவாக அச்சடித்து வைத்திருந்தால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. அதற்காகச் சட்டம் பேசிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். வீடு பார்க்கப் போகும்போதே நாய் உண்டு என்று சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாயை விட எங்களுக்குப் பிரச்சினை கொடுத்தது கிரைண்டர். ஞாயிற்றுக்கிழமை இங்கே சத்தம் போடக் கூடாத நாள். முதல் மாதமே காலை எட்டு மணிக்கு இட்லிக்கு அரைக்கப் போட்டு, கீழ் வீட்டுப் பாட்டி மேலே வந்து கதவைத் தட்டினார். நாங்கள் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டோம், அவருக்குப் புரியவில்லை. இது பழைய கிழக்கு ஜெர்மனி, அந்தத் தலைமுறை பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி. அதனால் ஆங்கிலத்திலேயே சமாளித்துவிடலாம் என்று வராதீர்கள். இப்போது சனிக்கிழமை மதியமே அரைத்து வைத்துவிடுகிறோம். பள்ளி விஷயத்திலும் கறார்தான்: டிக்கெட் மலிவு என்று லீவுக்கு நான்கு நாள் முன்னதாகப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போனால் அபராதம் வரலாம்.

தெருநாயே இல்லாத ஊர் இது. பெரியவன் முதல் வாரம் கேட்டது, "அப்பா, மத்த நாயெல்லாம் எங்கே?" நாய் என்றால் கயிறு, பை, ஒரு நாளைக்கு மூன்று நடை. மழையோ பனியோ, போயே ஆக வேண்டும். மணி வருவதற்கு முன் ஆறு மாதத்தில் எங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. அவன் வந்த ஒரு மாதத்தில் அந்தப் பாட்டியே "மானி, மானி" என்று மாடிப்படியில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவனோடு நடந்ததில்தான் அந்தக் கற்களையும் பார்த்தேன். நடைபாதையில் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு, "இங்கே வாழ்ந்தார்" என்று ஆரம்பித்து ஒரு பெயர், பிறந்த வருடம், எங்கே கொண்டு போய்க் கொன்றார்கள் என்பது. நாஜிகள் பிடித்துக்கொண்டு போனவர்கள் கடைசியாகக் குடியிருந்த வீட்டு வாசலில், குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் பதிக்க ஆரம்பித்தது, இன்று ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. நவம்பர் 9 அன்று, 1938-இல் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கிய நாள் என்பதால், அக்கம்பக்கத்தார் அவற்றைத் துடைத்து மெழுகுவர்த்தி வைப்பார்கள். நாங்கள் போனபோது கீழ் வீட்டுப் பாட்டி முட்டி வலியோடு குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார், கறுப்பு போகவில்லை. என் மனைவி வீட்டுக்கு ஓடிப்போய், குத்துவிளக்குக்கு வைத்திருந்த பீதாம்பரிப் பொடியை எடுத்து வந்தாள். இரண்டு தேய்ப்பில் பளிச்சென்று ஆகிவிட்டது. பாட்டி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் அவருக்கு ஒரு டப்பா உண்டு.

அழகான ஊர்தான், ஆனால் எல்லாம் பழங்கதை இல்லை. 2019 அக்டோபர் 9 அன்று ஒருவன் துப்பாக்கியோடு இங்குள்ள யூதக் கோயிலுக்கு வந்தான். மரக்கதவு தாங்கியது. வெளியே ஒரு பெண்ணையும், பிறகு கபாப் கடையில் ஓர் இளைஞரையும் சுட்டுக் கொன்றான். நம் நிறத்தோடு இங்கே வாழ வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

வந்த முதல் மாதத்தில் பிள்ளைகளை பிராங்கே நிறுவன வளாகத்துக்குக் கூட்டிப் போங்கள், சந்தைத் திடலிலிருந்து நடக்கிற தூரம்தான். 1698-இல் அனாதைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. நம் தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து இறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்க் படித்தது இந்த ஊரில். தமிழ் அச்செழுத்துகளை இங்கேதான் செய்து கப்பலில் அனுப்பினார்கள், 1713-இல் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தன. எழுத்து ரொம்பப் பெரிதாகப் போய்க் காகிதம் கட்டுப்படியாகாமல், அங்கேயே சிறிதாக மறுபடி வார்த்துக்கொண்டு 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார்கள். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சானது, லத்தீனில். இங்குள்ள காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்னும் இருக்கின்றன. தமிழ் எதற்கு என்று முறைத்துக்கொண்டிருந்த என் பெரியவன், தன் ஜெர்மன் வகுப்பில் இதைத்தான் போய்ப் பேசினான், நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மேல்மாடி அதிசயப் பொருள் அறையில் கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும், சின்னவர்களுக்கு அது போதும். நாயை உள்ளே விடமாட்டார்கள். நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மணியோடு முற்றத்தில் நிற்போம்.