ஏற்காடு ஏற பேட்டரி சைக்கிளா, கியர் சைக்கிளா?

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் தூரத்தை விட்டுவிடுங்கள், உயரத்தைப் பார்த்து வண்டியை முடிவு செய்யுங்கள்.

நாங்கள் போனபோது இரண்டு வகையும் இருந்தன. என்னுடையது சாதா எம்.டி.பி., அதாவது மலைப்பாதைக்கான கியர் சைக்கிள். மச்சானுக்கு முட்டி வலி, அதனால் பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் (ஹப் மோட்டார்) வைத்த பேட்டரி சைக்கிளை நண்பரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர், அதாவது 360 வாட்-ஹவர் பேட்டரி. முந்தின நாள் இரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. அதை 1,200 மீட்டர் மேலே ஏற்றவே ஏறக்குறைய 327 வாட்-ஹவர் வேண்டும். மோட்டார் சூட்டில் வீணாவதையும் சேர்த்தால் முழு சார்ஜும் பத்தாது. "பாதி நீங்க மிதிச்சாத்தான் மச்சான் மேல போகலாம்" என்றேன்.

கேட்டால்தானே! அடிவாரத்திலிருந்து மோட்டாரை உச்சத்தில் வைத்து ஜம்மென்று போனார். நான் பின்னால் நாக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஏழெட்டு வளைவு தாண்டியதும் மோட்டார் முனக ஆரம்பித்தது. தொட்டால் சுட்டது. ஹப் மோட்டார் சக்கரத்தை நேராகச் சுற்றுவதால் அதற்குச் செயின் கியர் உதவாது. ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, உதவியைக் குறைத்து, லேசான கியரில் மிதித்தார். ஏரிக்கரைக்கு வந்தபோது பேட்டரியில் ஒரு கட்டைதான் மிச்சம். மிட் டிரைவ் என்று இன்னொரு வகை உண்டு. அதில் மோட்டார் பெடல் அச்சிலேயே இருக்கும், வண்டியின் கியர் அதற்கும் சேர்த்து வேலை செய்யும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

மேலே போனதும் ஆட்டம் மாறிவிட்டது. காப்பித் தோட்டத்து மண்பாதை ஒன்றில் சில்வர் ஓக் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. என் வண்டி 14 கிலோ, தோளில் போட்டுத் தாண்டிவிட்டேன். அவருடைய 25 கிலோவை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம். இறங்கும்போது சார்ஜ் ஏறிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. எடை கூடுதல் என்பதால் டிஸ்க் பிரேக்தான் இன்னும் சூடாகும், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

ஏரி வரை போய் டீ குடித்துவிட்டு இறங்குவதென்றால், முட்டி வலிக்காரர்கள் யோசிக்காமல் பேட்டரி வண்டியை எடுக்கலாம். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் மிதிவண்டிக்கு லைசென்ஸும் வேண்டாம். ஏற்காட்டைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டையும் சுற்றப்போகிறீர்கள் என்றால் சார்ஜரைப் பையில் போடுங்கள். மதியம் சாப்பிடும் இடத்தில் சில மணி நேரம் பிளக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தோட்டப் பாதைகளுக்கு என் ஓட்டு கியர் சைக்கிளுக்குத்தான், பின்னால் ஏற்றத்துக்கு லேசாக மிதிக்க உதவும் பெரிய 42 பல் சக்கரம் இருந்தால்.

மச்சான் இப்போது மிட் டிரைவ் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கு இன்னும் தெரியாது.