கச்சான் பார்சல் ரெண்டு தரமும் திரும்பி வந்துட்டுது

நாங்க திருகோணமலையில ஒரு 11 பேர், விண்வெளி சீரியல் ஒண்டுக்குப் பைத்தியம், ரெண்டாவது சீசனோட அத நிப்பாட்டிட்டாங்க (பேர் சொன்னா இங்க சண்டை தொடங்கும், விடுங்க). 2007ல 'ஜெரிக்கோ' எண்ட அமெரிக்க சீரியல சிபிஎஸ் டீவி நிப்பாட்டினப்ப, கடைசி எபிசோட்ல ஹீரோ "நட்ஸ்" எண்டு சொன்னத வச்சு ரசிகர்மார் 20 டொன்னுக்கு மேல கச்சான் அனுப்பி இன்னும் 7 எபிசோட் எடுக்க வச்சவங்கதானே, அதே மாதிரி நாங்களும் எங்கட சீரியல்ட அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்புவம் எண்டு வெளிக்கிட்டம்.

முதல் தரம் போன மாசம் 4ந் திகதி, டச்பே கடற்கரை வண்டில்ல வாங்கின உறைப்புக் கச்சான் 2 கிலோ, பேப்பர் சுருளோட அப்பிடியே, கூட 38 போஸ்ட்கார்ட். கூரியர்ல கொழும்பிலயே மறிச்சுத் திருப்பிட்டாங்க, எண்ணெய் ஊறி கார்ட்ல கீறின விண்கப்பல் எல்லாம் மஞ்சளாப் போச்சு. ரெண்டாந்தரம் சீல் பண்ணின பக்கெட், லேபல் எல்லாம் இருக்கு, ரெண்டு கிழமையால அதுவும் வாசல்ல. அமெரிக்காக்கு சாப்பாட்டுச் சாமான் போறதெண்டா எஃப்டிஏக்கு (அங்கத்த உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம்) முன்கூட்டியே ஒன்லைன்ல அறிவிக்கோணுமாம். அந்த ஃபோர்ம நானே நிரப்பிப் பாத்தன், தயாரிப்பாளர்ட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேக்குற இடத்தில நிக்கிறன், பக்கெட்ல அப்பிடி ஒண்டும் இல்ல. கார்ட மட்டும் அனுப்பு எண்டு தங்கச்சி சொல்றா, அதுல என்ன கெத்து இருக்கு.

இலங்கையிலருந்து அமெரிக்கக் கம்பெனி ஒண்டுக்கு சாப்பாட்டுப் பார்சல் அனுப்பி ஒழுங்காப் போய்ச் சேந்த ஆக்கள் ஆராவது இருந்தா, அந்த நம்பர் கேக்குற இடத்தில என்ன போட்டனீங்க?