புது அவதார்ல ஆங் வருவாரோ? வரமாட்டார், காணும்

முறிகண்டிக் கச்சான்: நேற்று யூடியூப்பில ஒரு பெடியன் இருபது நிமிசம் அலட்டினான், வரப்போற 'செவன் ஹேவன்ஸ்' எண்ட புது அவதார் கார்ட்டூன்ல, மண்ணையும் கல்லையும் ஆட்டிப்படைக்கிற அந்த எர்த்பெண்டர் பெட்டைக்கு முதல் கார்ட்டூன்ல வந்த அவதார் ஆங் கனவில வந்து பழக்குவாராம். கேக்கக் கேக்க பத்திக்கொண்டு வந்திச்சு. உவன் ஆங்குக்குப் பிறகு அவதாரா வந்த கொறாவின்ர கார்ட்டூன் பாத்தவனோ? அதில ரெண்டாம் புத்தகக் கடைசி, அதாவது ரெண்டாம் சீசன் முடிவு, 2013 கார்த்திகை. அவதாருக்குச் சக்தி குடுக்கிற ராவா எண்ட ஆவியை கொறாவுக்குள்ள இருந்து இழுத்தெடுத்து அடிக்க அடிக்க பழைய அவதாரங்கள் ஒவ்வொருத்தரா மறையினம், ஆங்கும் போட்டார். இணைப்பு அறுந்திட்டுது. ஆங் வரமாட்டார்.

பண்டாரிகுளத்தான்: அண்ணை ஏன் இவ்வளவு சூடு? இதுவும் அவதாரை உண்டாக்கின அந்தப் பழைய ரெண்டு பேற்ற வேலைதானே, டிமார்ட்டினோவும் கொனியட்ஸ்கோவும். அறுத்தவைக்கு திருப்பி முடிச்சுப்போட ஏலாதோ? கொறா திருப்பி ராவாவோட சேந்தவள், அதே ராவா, பத்தாயிரம் வருசமா எல்லா அவதாருக்குள்ளயும் இருந்தது, அதுக்கு ஆங்கை ஞாபகம் இருக்காதோ?

முறிகண்டிக் கச்சான்: தம்பி, 2018 மார்கழி வெள்ளத்துக்கு இரணைமடுக் குளத்தில வான்கதவு திறந்தவங்கள். போன தண்ணி சுண்டிக்குளத்துக்குப் போட்டுது. பிறகு மாரிக்கு குளம் திரும்ப முட்டினது, அதே குளம் அதே கட்டு. பழைய தண்ணியோ அது? வவுனியாக்காரருக்கு பெரிய குளம் தெரியாது, அதான் விளங்கேல்லை.

பண்டாரிகுளத்தான்: எங்கட வவுனியாப் பாவற்குளம் கேள்விப்பட்டிருக்கிறீங்களோ?

என்ர கோவா: வான்கதவு எண்டோன்ன நான் முதல் அவதார் வானின்ர வீட்டுக் கதவாக்கும் எண்டு நினைச்சிட்டன்.

வெடிவால்: எனக்கு ஒரு சந்தேகம். ஆங் கதையில வந்த ஐரோ மாமா செத்தாப்பிறகும் ஆவி உலகத்தில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு இருந்தவர் எல்லோ, அதே ரெண்டாம் புத்தகத்தில. அந்த வில்லன் ஸாவோ கூட மூடுபனிக்குள்ள நிண்டு புலம்பினவர். அப்ப ஆங் மட்டும் ஏன் அங்க இருக்கேலாது?

முறிகண்டிக் கச்சான்: ஐரோ அவதாரோ? அந்தாள் தானா உடம்பை விட்டிட்டு அங்கால போனவர். ஆங் செத்துத்தான் கொறா பிறந்தவள், ஒரு உயிர் ரெண்டு இடத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கேலாது. புதுப் பெட்டைக்கு கதைக்கிறதெண்டா கொறா ஒருத்திதான் இருக்கிறாள். ஆங் வரமாட்டார்.

நெத்தலிக் கருவாடு: அவதார் எண்டா அந்த நீல ஆக்கள் படந்தானே?

வெடிவால்: அண்ணை நீங்கள் வந்த வழியால போங்கோ.

பண்டாரிகுளத்தான்: கச்சான் அண்ணை கதைக்கிறதைப் பாத்தா அவர்தான் கதை எழுதினவர் மாதிரி. நானும் 2008ல இருந்து பாக்கிறனான், ஆங்கின்ர 61 எபிசோடும், கொறா 52ம்.

முறிகண்டிக் கச்சான்: ஓ, 2008. நீர் டிவிக்கு முன்னால இருந்து ஆங் கதையின்ர முடிவு, சோசினின்ர வால்வெள்ளி பாத்த வருசம் நாங்கள் வன்னியில சண்டைக்குள்ள கூரைத் தகரத்தைக் கழட்டி ட்ரக்டரில ஏத்திக்கொண்டு இடம் இடமா ஓடிக்கொண்டிருந்தம். கரண்டே இல்லை, இதில எங்க ஆங். நான் முதல் எபிசோட் பாத்தது 2011ல, கீறல் விழுந்த சீடி, பனிக்கட்டி உடைஞ்சு ஆங் கண்ணைத் திறக்கிற இடத்தில முகம் கட்டம் கட்டமா நிண்டிடும், சேட்டால துடைச்சுத் துடைச்சுப் போடுறது, அப்பவும் ஓடாட்டி மிச்சக் கதையை அண்ணை வாயால சொல்லுவார். அந்த ஆங் திரும்பி வரவேணுமெண்டு எனக்கு ஆசை இல்லையெண்டோ நினைக்கிறீர்? ஆசை வேற. இணைப்பு அறுந்திட்டுது.

பண்டாரிகுளத்தான்: அதுக்கு நான் என்ன செய்ய? கார்ட்டூனுக்கும் உதைக் கொண்டு வந்து வாயை அடைக்கிறது. சரி நானும் சொல்லுறன், தேர்தல் மாவட்டத்தைப் பாத்தா வன்னி எண்டு கிடக்கிறது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோட. ஆர் வன்னி எண்டு முதல்ல பாருங்கோ.

முறிகண்டிக் கச்சான்: முறிகண்டி முல்லைத்தீவு மாவட்டம் ஐயா. ஏ9ஆல பஸ்ஸில போகேக்க இறங்கி கச்சான் வாங்கினால் மட்டும் காணாது, போர்டையும் வாசிக்கவேணும்.

என்ர கோவா: 😂😂 அண்ணை எர்த்பெண்டர்.

வெடிவால்: ஐயோ ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. செவன் ஹேவன்ஸ் 2025 மாசி 20 அறிவிச்சது, 26 எபிசோட், ரெண்டு புத்தகம், உலகம் அழிஞ்சு ஏழு இடந்தான் மிச்சம், அவதார் எண்டாலே அழிக்க வந்தவள் எண்டு சனம் அந்தப் பிள்ளையைத் துரத்துது. அவளுக்கு துலைஞ்ச இரட்டை வேற இருக்கு. அப்ப கொறா என்ன செய்தவள்? அதை ஒருத்தரும் கேக்கேல்லை, ஆங் ஆங் எண்டு கொண்டு.

முறிகண்டிக் கச்சான்: பிள்ளை அது பிறகு. முதல்ல உந்த ஆங் விசயம் முடியட்டும்.

என்ர கோவா: ஏழு இடத்திலயும் கோவா கிலோ என்ன விலை போகும்?

பண்டாரிகுளத்தான்: முடியாது. ஒரு செக்கன் வந்தாலும் வந்ததுதான், அப்ப ஒரு மூட்டை கச்சான் வறுத்து பஸ்ஸில போட்டு விடுங்கோ.

முறிகண்டிக் கச்சான்: பழைய சீனை திருப்பிக் காட்டினால் அது கணக்கில இல்லை, இப்பவே சொல்லிப்போட்டன். இஞ்ச மழை இருட்டுது, கரண்ட் போகப்போகுது, ரவுட்டர் நிண்டால் நான் ஓடிட்டன் எண்டு எழுதாதேயும். ஐரோ விசயத்துக்கு இன்னும் ரெண்டு பதில் கிடக்கு.

பண்டாரிகுளத்தான்: ஓடிட்டார்.