அம்மாவின் சி.டி. ஸ்கேனில் 7 மி.மீ. நொடியூல், ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள்

தலவாக்கலை மகன்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 57 வயது, இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். போன மாதம் மழையில் கான் தாண்டும்போது வழுக்கி விழுந்து விலாவில் நல்ல அடி. கண்டிக்குக் கூட்டிப்போய் சி.டி. எடுத்தோம். எலும்பு முறியவில்லை, அப்பாடா என்று பார்த்தால் ரிப்போட்டின் அடியில் ஒரு வரி: வலது நுரையீரலின் மேல்பகுதியில் 7 மி.மீ. நொடியூல், அதாவது சின்னக் கட்டி, திடமானது, ஒன்றே ஒன்று. டொக்டர் ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் இப்போது இதே பேச்சுத்தான். மதுரைக்குக் கூட்டிப்போய் பெட் ஸ்கேன் (மருந்து ஏற்றி, கட்டி அதை இழுத்து ஒளிர்கிறதா என்று பார்ப்பது) எடு, நகையை அடகு வைக்கலாம் என்கிறார் மாமா. அம்மா பீடி, சுருட்டு தொட்டவரில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகடுப்பு, லயத்து அடுப்படியில் புகை போக ஜன்னல் கூடக் கிடையாது. தாத்தாவுக்குக் காசநோய் வந்து மருந்து குடித்தவர், அப்போது எல்லாரும் ஒரே காம்பராவில்தான் படுத்தோம். புற்றுநோய் என்றால் ஆறு மாதத்தில் முற்றிவிடாதா?

ஸ்கேன் ரூம்:

தம்பி, நான் டொக்டர் இல்லை, ஸ்கேன் எடுக்கிற வேலை. தினமும் பார்ப்பதால் சொல்கிறேன், வேறு எதற்கோ சி.டி. எடுத்து நொடியூல் தென்படுவது அபூர்வமான விஷயமே இல்லை. 30 மி.மீ. வரைக்கும்தான் நொடியூல் என்ற பெயர். அம்மாவுக்கு இருப்பது ஒரு பெரிய மிளகு அளவு. இந்த அளவில் பெரும்பாலானவை பழைய கிருமித் தொற்று ஆறிய தழும்பு, நம் ஊரில் காசநோயின் மிச்சமாகவும் இருக்கும்.

டொக்டர் சும்மா சொல்லவில்லை. மார்பு ஸ்கேன் நிபுணர்களின் சங்கமான ஃப்ளைஷ்னர் சொசைட்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டல் ஒன்று உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. திடமான ஒற்றை நொடியூல் 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்தில் ஒரு சி.டி., அதன்பின் தேவைப்பட்டால் 18 முதல் 24 மாதத்தில் இன்னொன்று. 6க்குக் குறைவாக இருந்து ஆபத்துக் காரணமும் இல்லையென்றால் பொதுவாக ஒன்றும் தேவையில்லை. 8க்கு மேலே போனால்தான் மூன்று மாதத்தில் சி.டி., பெட், ஊசியால் சதை எடுப்பது என்ற பேச்சு வரும். ஏற்கனவே புற்றுநோய் வந்தவர், எதிர்ப்புச் சக்தி குன்றியவர், 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஏன் அடுத்த மாதமே எடுக்கக்கூடாது? நுரையீரலில் திடமான புற்றுக்கட்டி பெரும்பாலும் 100 முதல் 400 நாளில் இரட்டிப்பாகும். இரட்டிப்பு என்பது கனஅளவில். குறுக்களவில் அது 7 மி.மீ. சுமார் 8.8 ஆவதுதான். ஒரு மாதத்தில் 7 என்பது 7.1 முதல் 7.5 வரைதான் ஆகும், அதை அளவுப் பிழையிலிருந்து பிரிக்க முடியாது. காசும் கதிர்வீச்சும்தான் வீண்.

ஹட்டன் ராசா:

எல்லாம் சரி, வழிகாட்டல் எழுதினவனின் அம்மாவா படுத்திருக்கிறார்? மேல்பகுதியில் இருந்தால் ஆபத்து கூட என்று வாசித்தேன். விறகுப் புகையும் இருக்கிறது. என்னைக் கேட்டால் மாமா சொல்வதுதான் சரி, பெட் எடுத்துவிட்டால் மனசாவது ஆறும்.

ஸ்கேன் ரூம்:

மேல்பகுதி என்பது உண்மைதான் ராசா. வீட்டில் விறகு எரிக்கும் புகையையும் அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. அதையெல்லாம் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர் ஆறா பன்னிரண்டா என்று முடிவெடுக்க அது உதவும். ஆனால் பெட் மனசை ஆற்றாது. 8 மி.மீ.க்குக் கீழே புற்றாக இருந்தாலும் ஒளிராமல் போகலாம், காசநோய்ப் புண்ணாக இருந்தாலோ நன்றாகவே ஒளிரும். பிறகு ஊசி குத்தச் சொல்வார்கள், இவ்வளவு சின்னதைக் குத்துவது லேசில்லை, காற்று கசிந்து நுரையீரல் சுருங்குவதும் உண்டு. நகையை அடகு வைத்து அதை வாங்க வேண்டுமா?

பதுளை அக்கா:

எங்கள் அப்பாவுக்கும் இதே கதை, 6 மி.மீ. என்று சொன்னார்கள். தம்பி, தாத்தாவின் காசநோய்க் கதையை அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் சொல்லி அம்மாவுக்கு ஒரு சளிப் பரிசோதனை கேளுங்கள், இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் மெலிவது, இரவில் வியர்ப்பது, இதில் எது வந்தாலும் ஆறு மாதத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டும்.

அப்புறம், ஸ்கேன் எடுத்த இடத்தில் படம் பதிந்த சீடித் தட்டைக் கேட்டு வாங்குங்கள், ரிப்போட் கடதாசி மட்டும் போதாது. அப்பாவின் இரண்டாவது ஸ்கேனுக்குப் போனபோது பழைய படம் அழிந்துபோச்சு என்று முதலில் எடுத்த இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். கடதாசியில் இருந்த எண்ணை வைத்து என்னத்தை ஒப்பிடுவது, மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.

தலவாக்கலை மகன்:

நன்றி அக்கா, நன்றி அண்ணே. மாமாவிடம் இதை வாசித்துக் காட்டினேன், முகம் இன்னும் தெளியவில்லை, ஆனால் மதுரைப் பேச்சு நின்றிருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. அடுத்த தடவை 7.5 என்று வந்தால் என்ன செய்வது? அடிக்கடி எடுப்பதே கெடுதல் இல்லையா?

ஸ்கேன் ரூம்:

7.5 வந்தால் பதற வேண்டாம். மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தார் என்பதிலேயே அவ்வளவு மாறும், 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி என்று உறுதியாகச் சொல்வார்கள். 400 நாளில் மெதுவாக இரட்டிப்பாகும் வகைப் புற்று ஆறு மாதத்தில் 7.8தான் வரும், ஒன்றரை வருடத்தில் 9.6ஐத் தொட்டுவிடும், இரண்டாவது ஸ்கேன் அதைப் பிடிக்கத்தான். திடமான நொடியூல் இரண்டு வருடம் அசையாமல் இருந்தால் பொதுவாக விட்டுவிடுவார்கள். பனிமூட்டம் மாதிரித் தெரிகிற வகைக்கு ஐந்து வருடம் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு அது இல்லை.

கெடுதல் என்றால், ‘குறைந்த டோஸ், மருந்து ஏற்றாமல், மெல்லிய வெட்டு’ என்று டொக்டரிடம் துண்டில் எழுதி வாங்குங்கள். அதில் படும் கதிர்வீச்சு, இயற்கையாக ஒரு வருடத்தில் நம் உடம்பில் படுவதை விடக் குறைவு. முடிந்தால் அதே இடத்தில், அதே மெஷினில் எடுங்கள். அன்றைக்கு அம்மாவுக்குத் தடிமன் காய்ச்சல் என்றால் டொக்டரிடம் கேட்டுத் திகதியை மாற்றுங்கள், புதுச் சளி படத்தைக் குழப்பும்.

பதுளை அக்கா:

சீடியைக் குளிர் இறங்காத இடத்தில் வையுங்கள் தம்பி, உங்கள் பக்கம் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுமே. போனிலும் ஒரு பிரதி ஏற்றி வையுங்கள்.