மாங்கா வியாபாரக் கணக்கு: ஆடிட்டரிடம் என்னென்ன கொண்டு போகணும்?

வணக்கம் உறவுகளே. சந்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கு. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. கம்பெனி தருகிற சம்பள-வரிச் சான்றான படிவம் 16 வந்தால் அவர் வருமான வரிக் கணக்கு முடிந்தது. குழப்பமெல்லாம் என்னுடையதில்தான்.

சொந்தத் தோப்புக் காய் விற்ற பணம் விவசாய வருமானம், அதற்கு வரி இல்லை. ஆனால் சீசனில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பெங்களூரா ரக மாங்காய் வாங்கி மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றுகிறேன். அது வியாபாரம். இரண்டு பணமும் ஒரே பேங்க் கணக்கில் விழுகிறது. எடைச்சீட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில் கிடக்கு, பாதியில் எழுத்தே மங்கிப்போச்சு. பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் ரொக்கம். காய் பறிக்க வருகிறவங்க பில்லா தருவாங்க?

வருமான வரிச் சட்டத்தில் சின்ன வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில் போட்டால் பேங்க் வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் கமிஷன் வருமானத்துக்கு அது பொருந்தாது. ஒரு தோட்டத்துக்கு நான் கமிஷன்தான் வாங்கினேன், அதை எப்படிக் காட்டுவது?

26ஏஎஸ் (என் பேரில் பிடித்த வரி விவரம்), ஏஐஎஸ் (என் வருமான, பணப் பரிமாற்ற விவரம்) இரண்டையும் வருமான வரி தளத்தில் இறக்கிவிட்டேன். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தோப்புப் பணத்துக்குப் பச்சை, வியாபாரத்துக்குச் சிவப்பு என்று கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். சிட்டா, அடங்கல் நகலும் உங்கள் ஆடிட்டர் கேட்டாரா? எடைச்சீட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தாரா?

கிருஷ்ணகிரியிலோ காவேரிப்பட்டணத்திலோ மாங்கா வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்க. ஃபீஸ் எவ்வளவு ஆச்சு என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.