ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் பிரேக்கால் காரை நிறுத்த முடியுமா?

கேள்வி:
2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சாண்டி நகரில், வேறொரு மாடலுக்கான ரப்பர் மேட்டில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டதால் ஒரு லெக்சஸ் இஎஸ் 350 கார் கட்டுக்கடங்காமல் ஓடி, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி. எந்தக் காரிலும் இன்ஜினைவிட பிரேக்குக்கே வலு அதிகம் என்கிறார்களே, பிறகு அந்தக் கார் ஏன் நிற்கவில்லை?

மறுமொழி 1:
வலு அதிகம் என்பது உண்மைதான். 1,000 கிலோ எடையும் 113 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (இன்ஜினின் சுழற்றுவிசை) உள்ள ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். டாப் கியரில் அதன் இன்ஜின் சக்கரத்தில் தரும் உந்துவிசை ஏறக்குறைய 1,200 நியூட்டன். முதல் கியரில் 5,500 அளவுக்கு வரும். காய்ந்த சாலையில் பிரேக்கோ 7,800 நியூட்டனைச் சாதாரணமாகத் தரும். அதுவும் டயர் வழுக்கத் தொடங்கும் எல்லையே தவிர பிரேக்கின் எல்லை அன்று. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்றாலே பிரேக்கிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றுதான் பொருள். 268 குதிரைத்திறன் கொண்ட டொயோட்டா கேம்ரியை மணிக்கு 70 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடியே பிரேக் பிடித்து, கார் அண்ட் டிரைவர் இதழ் சோதித்தது. வழக்கமாக 174 அடியில் நிற்கும் கார் 190 அடியில் நின்றது.

மறுமொழி 2:
மேலே உள்ள கணக்கு சரி, ஆனால் அது முதல் மிதிக்கு மட்டுமே பொருந்தும். நம் காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தருவது வேக்குவம் பூஸ்டர். பெட்ரோல் கார்கள் பலவற்றில் அதற்கான வெற்றிடம் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிடைக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் காற்றுத் தடுப்பான த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது அங்கே வெற்றிடமே இராது. பூஸ்டரில் சேமிப்பாக இருப்பதும் பதற்றத்தில் விட்டுவிட்டு மிதித்தால் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோய், பெடல் கல்லாக இறுகிவிடும். 2007 மாடல் இஎஸ் 350ஐ அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சோதித்தபோது, வழக்கமாக 30 பவுண்டு அழுத்தத்தில் நிற்கும் கார் அந்த நிலையில் 150 பவுண்டுக்கு மேல் கேட்டது. நிற்கும் தூரமும் 200 அடிக்குள் இருந்ததிலிருந்து 1,000 அடியைத் தாண்டியது. அதற்குள் டிஸ்க்கும் பேடும் பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கத் தொடங்கும்.

ஆகவே ஒரே மூச்சில், முழு பலத்தோடு மிதித்து, கார் நிற்கும்வரை காலை எடுக்கக் கூடாது. கூடவே கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்ஜின் அலறினாலும் அலறட்டும். ஓடும்போது சாவியை லாக் வரை திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த லெக்சஸில் சாவிக்குப் பதில் பட்டன்தான். ஓடும் காரை அணைக்க அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஆபத்து நேரத்தில் அது யாருக்குத் தோன்றும்?

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. டீசல் காருக்கும் இந்த வெற்றிடச் சிக்கல் உண்டா?

மறுமொழி 2:
இல்லை. டீசல் இன்ஜினின் மேனிஃபோல்டு வெற்றிடத்தை நம்ப முடியாது என்பதால் பூஸ்டருக்கென்று தனி வேக்குவம் பம்ப் இருக்கும். இன்ஜின் ஓடும்வரை அது வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். பிரேக் சூடேறுவது மட்டும் இரண்டுக்கும் பொது. இப்போதைய கார்கள் பலவற்றில், இரண்டு பெடலும் ஒருசேர அழுந்தினால் இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும் பிரேக் ஓவர்ரைடு வசதி இருக்கிறது. உங்கள் காரில் அது உண்டா என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.